இருபதாவது வளைவில் ஏறினவர்

ஏற்காட்டுப் பக்கம் செம்மநத்தத்தில் ஒரு தடவை வாலிபால் போட்டிக்கு யாரோடு யார் மோதுவது என்று ஃபிக்ஸ்சர் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் கணக்கில் புலி என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். பதினோரு டீம். நாக் அவுட்டில் ஆட்டத்துக்கு ஒரு டீம் வீட்டுக்குப் போகும். பத்து டீமை அனுப்பப் பத்து ஆட்டம். அதுவரைக்கும் நான் புலிதான். சீட்டுக் குலுக்கினேன். ஐந்து ஆட்டம், மிஞ்சின ஒரு டீமுக்கு ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. ஆறு மூன்றானது. அந்த மூன்றில் இரண்டு டீம் வியர்க்க விறுவிறுக்க மோதிக்கொள்ள, மூன்றாவது டீம் சில்வர் ஓக் நிழலில் மிக்சர் தின்றபடியே ஃபைனலுக்குப் போய்விட்டது. அது போட்டி நடத்தின பையன்களின் டீம். கை வைத்துச் சீட்டெடுத்தது சத்தியமாக நான்தான். ஒருத்தரும் நம்பவில்லை.

பிற்பாடுதான் தெரிந்தது, இந்தக் கூத்தை வெள்ளைக்காரன் 1877-லேயே முடித்துவிட்டான் என்று. லண்டனில் ஒரு கிளப்புக்குப் புல்தரையில் உருட்டும் ரோலர் பழுதாகிவிட்டது. ரிப்பேர் செலவுக்குக் காசு திரட்ட ஒரு டென்னிஸ் போட்டி வைத்தார்கள். அதுதான் முதல் விம்பிள்டன். 22 பேர் பெயர் கொடுத்தார்கள். 22 பேர் 11 ஆகி, 11 ஆறாகி, ஆறு மூன்றாக, அரையிறுதியில் மூன்று துரைமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மார்ஷல் என்பவருக்கு பை. ஆடாமலே ஃபைனல். அங்கே ஸ்பென்சர் கோர் அவரை நேர் செட்டில் மடக்கினார் என்பது வேறு விஷயம்.

மருந்து எளிது. 2, 4, 8, 16, 32 என்று போகிற எண்ணில்தான் நாக் அவுட் சிக்கலில்லாமல் ஓடும். 22 பேர் வந்தால் முதல் சுற்றிலேயே 10 பேருக்கு பை கொடுத்து, மீதி 12 பேரை மோதவிட்டு 16 ஆக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் யாருக்கும் மரநிழல் கிடையாது. ஆலிஸ் கதை எழுதின லூயிஸ் கரோல் தொழிலில் கணக்கு வாத்தியார். 1883-இல் அவருக்கு நாக் அவுட் மேல் வேறொரு கடுப்பு. 32 பேர் ஆடினால் இரண்டாவது கெட்டிக்காரனுக்கு இரண்டாம் பரிசு கிடைக்க 31-இல் 16 பங்குதான் வாய்ப்பு. முதலாமவனோடு ஒரே பாதியில் மாட்டினால் தொலைந்தான்.

துரைமார் அதற்குள் இன்னும் பெரிய வசதி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். போன வருஷ சாம்பியன் ஆடவே வேண்டாம். மற்றவர்கள் எல்லாம் அடித்துக்கொண்டு மிஞ்சும் ஒருவன் அவரிடம் வருவான். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. மற்ற எல்லாரும் அடிவாரத்தில் பஸ் ஏறி, வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழம் முகர்ந்து வர, ஐயா மட்டும் இருபதாவது வளைவில் கைகாட்டி ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிப்பார்.

1878-இல் அப்படி உட்கார்ந்திருந்த கோரைத் தேடி ஏறி வந்தவர் ஃபிராங்க் ஹாடோ. இலங்கையில் தோட்டத்துரை, லீவில் ஊருக்குப் போனவர். கோர் வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தட்டிவிடுகிற ரகம். ஹாடோ பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டே ஜெயித்தார். மலைச்சரிவில் பிழைத்தவனுக்கு உயரம் ஒரு பொருட்டா? அடுத்த வருஷம் பட்டத்தைக் காக்க அவர் வரவே இல்லை. ஹார்ட்லி என்ற பாதிரியாருக்குக் கோப்பை சும்மா போயிற்று. இந்த ஜன்னல் சீட்டு ஏற்பாடு 1921 வரை ஓடியது. நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் அதற்குப் பிறகும் ஐம்பது வருஷம். 1966-இல் நம்ம ராமநாதன் கிருஷ்ணன் கோஷ்டி ஒவ்வொரு நாடாகத் தாண்டி மெல்போர்ன் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்திரேலியா உள்ளூரில் காத்திருந்தது. 4-1.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 1997 டிசம்பரில் செஸ் உலகம் அதையே தூசி தட்டியது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் உலக சாம்பியன்ஷிப்புக்கு நாக் அவுட். நடப்பு சாம்பியன் கார்போவ் மட்டும் நேராக ஃபைனலில். இது என்ன நியாயம் என்று கிராம்னிக் வரவே இல்லை. நம்ம விஸ்வநாதன் ஆனந்த் போனார். ஷிரோவ், கெல்ஃபாண்ட் என்று ஒவ்வொரு வளைவாக ஏறி, கடைசியில் ஆடம்ஸோடு எட்டு ஆட்டம் டிரா, ஒன்பதாவதில் வெற்றி. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் 1998 ஜனவரி 2, சுவிட்சர்லாந்தின் லோசான். எதிரே குளித்து, தூங்கி, பசியாறிய கார்போவ். அப்படியும் ஆனந்த் ஆறாவது ஆட்டத்தை ஜெயித்து 3-3 ஆக்கினார். பிறகு இரண்டு ரேபிட் ஆட்டம், இரண்டும் கார்போவுக்கு. 1999-இல் சலுகையைப் பிடுங்கினார்கள். கார்போவ் ஆட வரவில்லை.

2000-இல் டெல்லியில் தொடங்கி டெஹ்ரானில் முடிந்த போட்டியில் ஷிரோவை 3.5-0.5 என்று வீழ்த்தி ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். நூறு பேர். 72 பேர் முதல் சுற்றில் மோத, 28 பேருக்கு பை. அந்த 28-இல் ஆனந்தும் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம்ம ஆள்.

செம்மநத்தத்தில் அடுத்த தடவை, அதே பதினோரு டீமுக்கு, ஐந்து பையையும் முதல் சுற்றிலேயே தீர்த்து, பென்சிலால் கட்டம் போட்டு, டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். காபி குடித்துக்கொண்டே அதை மேலிருந்து கீழாகப் படித்தான், மிக்சர் தின்று ஃபைனல் போய்க் கோப்பையையும் அடித்திருந்த கேப்டன். டம்ளரைத் திண்ணையில் வைத்தான்.

"அண்ணா, நாங்கதான போன வருஷம் வின்னர்? எதுக்கு எங்கள முதல் ரவுண்டுல போட்ருக்கீங்க?"