மருமகன் நடை

கல்முனையை நடந்து பார்க்கோணும் எண்டு கொழும்பிலயிருந்து வந்து நிக்கிறாய். நல்லம், மனே. ஆனா அந்தப் புதுச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, வாசலில கிடக்கிற என்ட செருப்பைப் போடு. வீட்டுக்கு வீடு கூப்பிடுவாங்க. நீ கயிறு அவிழ்த்து முடியிறதுக்குள்ள இடியப்பம் ஆறிடும்.

முதல்ல கடற்கரைப் பள்ளிக்குப் போ. நாகூர் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ்ட பேரில எழும்பின பள்ளி. அவங்க அடங்கியிரிக்கிறது நாகூரில. இஞ்ச ஏறுறது கொடி. ஜமாதுல் ஆகிர் பிறை கண்டா 12 நாள் கொண்டாட்டம், முடிவில கந்தூரிச் சோறு. 200 வருஷமா நடக்குது. இந்தக் கொடியேத்தம் மார்க்கத்தில கூடும் எண்டு ஒருத்தர் சொல்லுவார், கூடாது எண்டு இன்னொருத்தர் சொல்லுவார். ரெண்டு பேருக்கும் தலையாட்டு. ரெண்டு பேரும் பிளேன்டீ வாங்கித் தருவாங்க.

புறகு ஒழுங்கைக்குள்ள இறங்கு. பழைய கட்டிடம் எங்க எண்டு கெமராவைத் தூக்காதே. 2004 டிசம்பர் 26 கடல் வந்து வழிச்சிக்கொண்டு போன கரை இது. நம்மட ஊரில ஆகப் பழசு, வீட்டு உறுதியில இரிக்கிற பொம்புளைப் பேருதான். வீடு மகளுக்கு, கலியாணம் முடிச்ச ஆம்பிளை பொண்ணு வீட்டில போய் இரிக்கோணும். குடிவழியும் உம்மாட வழிதான். திமிலர் எண்ட கூட்டத்தை விரட்ட, முக்குவர் கூட்டத்துக்குத் துணை நிண்ட பட்டாணி முஸ்லிம்களுக்கு முக்குவர் பொண்ணு குடுத்தாங்க எண்டு ஒரு பழங்கதை. அண்டைக்குப் பொண்ணு வீட்டுக்குள்ள போன ஆம்பிளை இன்னும் வெளிய வரல்ல. சந்தியில நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அரசியல் பேசுற காக்காமாரைப் பார். எல்லாரும் மாமிட வீட்டில இரிக்கிற ஆக்கள். நீயும் புது மருமகன் நடை நட: கண் கீழ, குரல் கீழ, வேணாம் எண்ட சொல்லை மறந்திடு.

மெயின் ரோட்டால வடக்க போனா பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயிலில தீ மிதிக்கிற தீப்பள்ளயத்துக்குப் பேர்போன இடம். அதைத் தாண்டினா மருதமுனை. முந்தி வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். இப்ப காதைத் தீட்டிக்கொண்டு தேடோணும். கேட்டா உள்ள போய் ஒரு சாரம் வாங்கு, விலை பேசாதே. தெற்கால சாய்ந்தமருது, அங்கால விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, அதுக்கங்கால நிந்தவூர். தமிழூர், சோனக ஊர் எண்டு மாறி மாறி வரும். தமிழரும் சோனகரும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல எண்டு மேடையில பேசுவாங்க. பேசினவங்க ஒருத்தரும் புட்டு அவிச்சதில்ல. குழலுக்குள்ள ஒரு அடுக்கு மா, ஒரு அடுக்கு பூ. தன்ட தன்ட இடத்தில இருந்துதான் ஒரே ஆவியில வேகும். குழலைப் புடிச்சுக் குலுக்கினவங்களாலதான் நாங்க பட்ட பாடெல்லாம்.

பகலுக்கு எங்கயும் கலியாண வீடு இருந்தா சஹனில குந்து. பாயில ஆறு பேர், நடுவில ஒரே தாலம். சோத்துக் குவியல், உச்சியில இறைச்சி. கை கழுவத் தண்ணி ஊத்துவாங்க. வெறும் விரல் நுனியைக் காட்டாதே, மணிக்கட்டு வரைக்கும் நீட்டு. உனக்கு முன்னால இரிக்கிற பக்கத்திலதான் தின்னலாம். எதிர்ப் பக்கத்தில நல்ல துண்டு கிடந்தா கை நீட்டாதே; அந்தாளைப் பார்த்து "நீங்க தின்னுங்க காக்கா" எண்டு சொல்லு. வெக்கத்தில அவரே உன்ட பக்கம் தள்ளுவார். புறகு வட்டிலப்பம் வரும். அதுக்கு இந்த வித்தை செல்லாது.

கடைசியா ஒண்டு. தின்னுற நேரம் பார்த்து ஒரு மாமி மெதுவா வந்து, "தம்பி கலியாணம் முடிச்சிட்டீங்களா?" எண்டு கேட்பா. யோசிச்சுப் பதில் சொல்லு. வீடு தருவாங்க, சோறு தருவாங்க, பஸ்ஸுக்கு மட்டும் விடமாட்டாங்க. நான் பொத்துவிலான், மனே. கொடியேத்தம் பார்த்திட்டு அடுத்த பஸ்ஸில போகத்தான் வந்தேன்.