மாசக் கடைசி

சேல்ஸ் மேனேஜராக இருந்தபோது மாசக் கடைசியில்தான் எனக்குப் பேச்சு சரளமாக வரும். விருதுநகர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் போடுவேன். "சார், குடோன்ல சோப்புப் பெட்டி கூரையை முட்டுது, ஆள் நுழைய வழியில்ல" என்பார். "அண்ணாச்சி, ஸ்கீம் போட்டுத் தர்றேன். சரக்கு மெதுவா வரட்டும், பில்லை மட்டும் இன்னைக்குத் தேதியில போட்டுக்கிறேன்" என்பேன். பில்லும் போகும், பின்னாலேயே லாரியும் போகும். அடுத்த மாசம் பத்தாம் தேதி வரை அண்ணாச்சி என் போனை எடுக்க மாட்டார். தலைமை அலுவலகம், அந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கி 'சீசன்' என்று தலைப்புப் போட்டது. எனக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

இப்போது நான் பேராசிரியர். பிஎச்.டி. இல்லை. 15 வருஷத் தொழில் அனுபவம் இருந்தால் போதும் என்று 2022-ல் யுஜிசி திறந்துவிட்ட வாசல் வழியாக வந்தவன். 'ப்ரொபசர் ஆஃப் ப்ராக்டிஸ்' என்று அறைக் கதவில் பலகை மாட்டியிருக்கிறார்கள். இந்தப் பதவிக்கு ஆயுள் மூன்று வருஷம், விசேஷமாக மனசு வைத்தால் இன்னும் ஒன்று. நான் விற்ற சோப்புக்குக்கூட எக்ஸ்பைரி தேதியை இவ்வளவு பெரிதாக யாரும் சொன்னதில்லை.

கல்லூரியில் டார்கெட் இருக்காது என்று நம்பித்தான் வந்தேன். மே மாசம் ஆளுக்கொரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள், அட்மிஷனுக்கு. "ஐயா, இந்த வாரத்துக்குள்ள ஃபீஸ் கட்டிட்டீங்கன்னா ஸ்காலர்ஷிப்புக்குச் சொல்லி வைக்கிறேன்" என்று யாரோ ஒரு தகப்பனாரிடம் பேசி முடித்தபோது, பக்கத்து மேஜைப் பேராசிரியை, "சார், உங்களுக்கு இது எப்படி இவ்வளவு இயல்பா வருது?" என்று கேட்டார்.

நான் எடுக்கும் பாடம் சப்ளை செயின். அதில் 'புல்விப் எஃபெக்ட்' முக்கியமான கேள்வி, பரீட்சையில் கட்டாயம் வரும். கடையில் விற்பனை லேசாக அசைந்தாலும், ஆர்டர் மேலே போகப்போகத் தறிகெட்டு ஆடும். 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும் இதற்கு நான்கு காரணம் எழுதினார்கள். மூன்றாவது, விலையில் சலுகை காட்டிச் சரக்கை முன்கூட்டியே வாங்க வைப்பது. அதைப் போர்டில் எழுதும்போது மட்டும் என் கையெழுத்து கொஞ்சம் சின்னதாகிவிடும்.

இதைப் புரியவைக்க எம்.ஐ.டி.யில் உருவான 'பீர் கேம்' என்ற விளையாட்டு உண்டு. பீர் என்ற சொல்லுக்கு எங்கள் முதல்வர் ஒப்பவில்லை, ஆகவே பன்னீர் சோடா. கடைக்காரர், மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஆலை என்று மாணவர்கள் வரிசையாக உட்காருவார்கள். ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் நகரும். வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் 4 பெட்டி வாங்குவார். ஐந்தாவது வாரத்திலிருந்து 8. அப்புறம் கடைசிவரை அதே எட்டுதான். ஆனால் பதினைந்தாவது வாரத்துக்குள் ஆலைக்காரப் பையனிடம் 40 பெட்டிக்குச் சீட்டு வந்து நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டராக இருந்த பெண், வைக்க இடமில்லாமல் சோடாச் சீட்டுகளைப் பென்சில் டப்பாவுக்கு அடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேரும் திட்டியது வாடிக்கையாளரைத்தான். வாடிக்கையாளர் சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டினேன். யாரும் நம்பவில்லை.

பருவ இறுதியில் மாணவர்கள் எனக்கு மதிப்பெண் போட்டார்கள். 'தியரி அதிகம், நடைமுறை உதாரணம் போதவில்லை' என்று எழுதியிருந்தார்கள். கம்பெனியில் வேலை பார்க்கும் யாராவது ஒருவரை கெஸ்ட் லெக்சருக்கு அழைத்து வரும்படி துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார்.