விறகுக்கும் ஒரு கட்டம்

திட்டங்களை வகுத்து மதிப்பிடுவதற்கென்று 1969இல் அமெரிக்காவின் வளர்ச்சி உதவி அமைப்பான யுஎஸ்எய்டுக்காக உருவான தர்க்கச் சட்டகம், எப்படியோ நம் ஊராட்சிக் கழிப்பறை வரை வந்துவிட்டது. உள்ளீடு, செயல்பாடு, வெளியீடு, விளைவு என்று நாலு கட்டம், நடுவே அம்புக்குறிகள். தூய்மை இந்தியா திட்டத்தில் உள்ளீடு, வீட்டுக்கு 12,000 ரூபாய். வெளியீடு, கழிப்பறை. தரவு ஆதாரம், இடக்குறியிட்ட புகைப்படம். படத்தில் கதவு இருக்கிறது, சுவரில் பயனாளி பெயரும் இருக்கிறது. உள்ளே அடுக்கிய விறகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விளைவுக் கட்டத்தில் ‘தொடர் பயன்பாடு’ என்று எழுதியாயிற்று. அதை யாரிடம், எந்நேரம் விசாரிப்பது? விடிகாலையில் சொம்போடு போகிறவரை மறித்துப் படிவத்தை நீட்டலாம்தான். மதிப்பீட்டாளரின் ஜீப்போ 11 மணிக்குத்தான் ஊருக்குள் வரும். அந்நேரத்தில் தெருவே ஒரே குரலில் சொல்லும்: “ஆமாங்க சார், அதுலதான் போறோம்.”