மாடு கூப்பிட்டுச்சு, முருகன் கூப்பிட்டான்

வா மாப்ள, உக்காரு. மில்லுல சீட்டைக் கிழிச்சுட்டாய்ங்களாமே? எந் தங்கச்சி வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. நீ என்னடான்னா ஆதாரையும் பேங்க் புத்தகத்தையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டு இ.எஸ்.ஐ. ஆபீசுக்குக் கெளம்பி நிக்கிற. வேலை போனவனுக்குக் கவருமெண்டு காசு தருதாம்ல!

தருது, இல்லேங்கல. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு பேரு. நம்ம மானகிரியில அதை வாயில நொழைச்சுச் சொல்றவனுக்கே தனியா ஒரு பரிசு குடுக்கலாம். 2018 ஜூலை 1-ல வந்தப்ப கால்வாசிக் கூலி. கொரோனா வந்து 2020-ல அதைப் பாதிக் கூலியா ஏத்துனாய்ங்க. மிஞ்சிப் போனா 90 நாளைக்கு, அதுவும் ஆயுசுக்கு ஒருக்கா.

ஆனா யாருக்கு? மில்லே நின்னு போயி நடுத்தெருவுல நிக்கிறவனுக்கு. காளையார்கோவில் காளீஸ்வரா மில்லு 2020 ஊரடங்கோட நின்னுச்சே, அதுல நூல் ஓட்டுனவன் குத்தம் என்ன இருக்கு? ஒழுங்கீனம்னு தண்டிச்சு வெளியேத்துனவனுக்குக் கெடையாது. வயசாகி வந்தவனுக்கும் இல்ல, விருப்ப ஓய்வு வாங்குனவனுக்கும் இல்ல. அமெரிக்காவுலயும் இதே கதைதான். வேலை சரியாச் செய்ய வராம வெளியேத்துனவன்னா பெரும்பாலும் குடுத்துருவாய்ங்க. வேணும்னே கெடுத்தவன்னா கதவைச் சாத்திருவாய்ங்க.

நீ எந்த ரகம்? சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போன, சரி, மாடு கூப்பிட்டுச்சு. அப்படியே பழனிக்கு நடந்த, முருகன் கூப்பிட்டான். சூப்பர்வைசர் கூப்பிட்டப்ப மட்டும் காது கேக்கல. லீவு சொல்லாம பத்து நாளைக்கு மேல வரலேன்னா ஒழுங்கீனம்னு மாதிரி நிலையாணையிலயே எழுதி வச்சிருக்கு. காவடிக்குக் கழிவு உண்டுன்னு எழுதல.

மெமோ குடுத்தாய்ங்க. அதுல பஞ்சாமிர்தம் மடிச்ச. விசாரணைக்குக் கூப்பிட்டாய்ங்க, அன்னைக்கு ஒனக்குக் கெடாவெட்டு. அட, போயி நின்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்திருந்தா சஸ்பெண்டோட கூட நின்னிருக்கும். விசாரணை முடியற வரைக்கும் சஸ்பெண்டுல வீட்ல கெடந்தாலே மொத 90 நாளைக்குப் பாதிச் சம்பளம் குடுத்தாகணும். இந்தத் திட்டத்துல தர்றதும் அதே பாதி, அதே 90 நாள்தான். கையில இருந்ததத் தாண்டிக் குதிச்சு வந்து, அதையே தேடிக் கெளம்புற பாரு, ஒன் மூளைக்குச் செட்டிநாட்டு அரமனையையே எழுதி வைக்கலாம்.

சரி, மொகத்தத் தூக்காத. பி.எஃப். ஒன் காசு, அதுல மில்லுக்காரன் கை வைக்க முடியாது. ஏழு வருசம் ஓட்டிருக்க, கிராஜுவிட்டியும் இருக்கு. லீவு போட்டதுக்கெல்லாம் அதைப் பிடுங்கக் கூடாது, 1972-லயே சட்டம் போட்டுட்டாய்ங்க. சாமானை ஒடச்சிருந்தா அந்த நட்டத்துக்கு மட்டும் பிடிப்பாய்ங்க. அடிதடி, திருட்டுன்னா மொத்தமுமே போகலாம். ஒண்ணும் அடிக்கலையே?

சட்டையை மட்டும் பிடிச்சியா? பொத்தான் எத்தனை அந்துச்சு? உள்ளதைச் சொல்லு மாப்ள, நான் என்ன லேபர் கோர்ட்டா?