மூலிகைத் தண்ணீரும் மூன்று சித்தப்பாக்களும்

குற்றாலத்தில் குளித்தால் ஏன் இப்படிப் பசிக்கிறது என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், "மூலிகைத் தண்ணில்லா, பசிக்காதா பின்னே?" என்று பதில் வரும். பதில் தப்பென்று சொல்ல வரவில்லை. சரியென்று எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. ஆனி, ஆடிச் சாரலில் பேரருவிக்கு வந்தவர் வரிசையில் கால் கடுக்க நின்றிருக்கிறார். பொங்குமாங்கடலில் விழுந்து எகிறி வரும் தண்ணீரில் அடி வாங்கி நடுங்கியிருக்கிறார். சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. போதாததற்குப் பிரானூர் பார்டரில் புரோட்டா வேறு காத்திருக்கிறது. இத்தனை பேர்மேல் சந்தேகம் இருக்க, விசாரணையே இல்லாமல் மூலிகைக்கு மட்டும் மாலை போடுவது என்ன நியாயம்?

ஆதாரத்தைப் பார்த்து முடிவுக்கு வரப் பிள்ளைகளைப் பழக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. செலவு, மூன்று சித்தப்பாக்கள். மூவருக்கும் காலையில் ஒரே அளவு இட்லி. ஒருவர் அருவியில் குளிக்கட்டும். ஒருவர் அதே நேரம் பம்புசெட்டில் குளிக்கட்டும். மூன்றாமவர் வரிசையில் நின்றுவிட்டு நனையாமல் திரும்பட்டும். பிறகு புரோட்டாவை எண்ணவேண்டியதுதான். "ஒரு சித்தப்பா குளிக்காமலே எட்டு சாப்பிடுவாரே" என்று ஏதாவது ஒரு பிள்ளை மடக்கும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது: ஆட்கள் நிறைய வேண்டும், ஒவ்வொருவரும் மூன்று முறையையும் வேறு வேறு நாளில் செய்து பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டுமா என்பவர்கள், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ச் சங்கதியை ஆராய்ந்து அங்கே முடிவு சொல்கிறார்கள்.

"அருவியில குளிச்சு எங்க பெரியப்பாவுக்குப் பித்தமே தெளிஞ்சுதே" என்பார்கள். தெளியாத பெரியப்பாக்கள் ஊர் ஊராகப் போய் அதைச் சொல்வதில்லை. கணக்கில் அவர்களும் வரவேண்டும். "மூலிகையாவது ஒண்ணாவது" என்று சிரிக்கும் பகுத்தறிவு மாமாவும் தண்ணீரைச் சோதித்தவரல்ல. அவருக்கும் மதிப்பெண் கிடையாது. "இன்னும் தெரியவில்லை" என்று எழுதும் பிள்ளைக்கே முழு மதிப்பெண். நம்பிக்கை கெட்டுவிடாதா என்றால், கேள்வி கேட்டதற்காக எந்த அருவியும் வற்றியதில்லை.

இதனால் என்ன லாபம் என்பதுதான் கடைசி ஆட்சேபம். பசிக்குத் தப்பான காரணம் சொன்னால் இரண்டு புரோட்டா நஷ்டம், அவ்வளவுதான். ஆனால் அருவியடியில் நின்று "வெயில் அடிக்கிறது, வெள்ளம் வராது" என்பதும் அதே மாதிரி முடிவுதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோனது. கீழே அடிக்கும் வெயில் கீழே மழை இல்லை என்பதற்கு மட்டுமே ஆதாரம். மலைமேல் என்ன நடக்கிறது என்பதற்கு அல்ல. ஆதாரம் எதுவரை பேசும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்பதைப் புரோட்டாவில் படித்துக்கொள்வது நல்லது. அங்கே தப்பானால் அழித்து எழுதலாம்.