மஞ்சள் சட்டை மாமா

எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் மஞ்சள் சட்டை மாமா ஒருவர் இருப்பார். பத்து மாதம் காலை வணக்கம், முருகன் படம், மூட்டுவலிக்குக் கஷாயம். மார்ச் கடைசியில் ஐபிஎல் தொடங்கியதும் டிபியில் சென்னை அணியின் மஞ்சள் சட்டையோடு தோனி வந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் மாமாவுக்கு மூட்டே வலிக்காது.

மாமா ஆட்டம் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது. பந்துக்குப் பந்து மீம் தேடுகிறவருக்குத் திரையைப் பார்க்க ஏது நேரம்? விக்கெட் விழுந்தால் ஒரு வடிவேலு, கேட்ச் விட்டால் ஒரு வடிவேலு, மழை வந்தால் நனைந்த வடிவேலு. அவர் போனில் ஆட்டம் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். எதிர்வீட்டு டிவியில் கூச்சல் கேட்டதும் மீமை அனுப்பிவிட்டு, பிறகுதான் யார் அவுட் என்று பார்ப்பார். சில சமயம் நம்மாள் அவுட்டாகியிருப்பான். அனுப்பியது அவசரமாக அழிக்கப்படும்.

ஜடேஜா சென்னைக்கு ஆடிய காலத்தில், அவுட்டானது அவர் என்றால் மட்டும் மாமா அழிக்க மாட்டார். ஜடேஜா போனால் தோனி வருவாரே! சொந்த அணியின் விக்கெட்டுக்கு இப்படிக் கைதட்டும் கூட்டத்தை வேறெங்கே பார்ப்பது? 2024இல் சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு ஆடியபோது ஜடேஜாவே இதை வைத்து விளையாடினார். மட்டையோடு இறங்குவதுபோல் வந்தார், சட்டென்று திரும்பிப் போனார், பின்னாலிருந்து தோனி வந்தார். மாமா அந்த வீடியோவைக் குழுவில் போட்டார். மறுநாளும் போட்டார்.

குழுவில் எதிர்க்கட்சி, பெங்களூரு மாப்பிள்ளை. ஆர்சிபி ஆள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் நேரடியாகத் திட்ட முடியாது என்பதால் மாமா மரியாதையாகவே கேட்பார்: "மாப்ள, உங்க வீட்ல கப் இருக்கா? காபி குடிக்கத்தான் கேட்டேன்." சென்னைக்கு ஐந்து கப். 2010, 2011, 2018, 2021, 2023 என்று தூக்கத்திலும் ஒப்பிப்பார். 2016, 2017இல் அணிக்கு இருந்த தடையை யாராவது கிளறினால் மட்டும் மாமாவுக்கு முக்கியமான போன் ஒன்று வந்துவிடும்.

2024 மே 18, சின்னசாமி மைதானம். பெங்களூரு 218 அடித்திருந்தது. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் நெட் ரன் ரேட்டில் அடுத்த சுற்று. தோற்றே முன்னேறலாம் என்கிற இந்த ஏற்பாடு மாமாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தைத் தோனி 110 மீட்டருக்குத் தூக்கினார். பந்து மைதானத்துக்கு வெளியே போனது. குழு முழுக்க விசில். வினையே அங்கேதான். ஈரத்தில் வழுக்கிக்கொண்டிருந்த பந்து போய் உலர்ந்த பந்து வந்தது, அடுத்த பந்திலேயே தோனி அவுட், 191இல் கதை முடிந்தது. அன்று நமக்கு நடந்த நல்லதே அந்த சிக்ஸர்தான் என்று பெங்களூருவின் தினேஷ் கார்த்திக்கே சொன்னார். மாப்பிள்ளை தோனிக்குச் சிவப்புச் சட்டை மாட்டி 'ஆட்ட நாயகன்' என்று மீம் போட்டார்.

மாமாவின் பதில்: "அவர் அடிச்சது சிக்ஸ். பந்தை மாத்தினது அம்பயர். விசாரணை வேணும்."

ஜெயித்தால் மாமாவின் சரக்கு சுமார்தான். அடி வாங்கும்போதுதான் மனிதருக்குக் கற்பனை பிய்த்துக்கொண்டு வரும். அடுத்தவன் சிரிக்குமுன் தானே சிரித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. 2025இல் சென்னை முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனபோது, புள்ளிப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி "நாமதான் டாப்பு" என்றார். அதே சீசனில் பெங்களூரு, 2008க்குப் பிறகு முதல்தடவையாகச் சேப்பாக்கத்தில் ஜெயித்தது. தோனி அன்றைக்கு ஒன்பதாவது ஆளாக இறங்கினார். "அடுத்த மேட்ச்ல பதினொண்ணாவதா வருவாரு, அதுக்கடுத்த மேட்ச்ல பரிசு குடுக்க வருவாரு" என்று எழுதியவர் மாமாதான். வேறு யாராவது எழுதியிருந்தால் குழுவைவிட்டே தூக்கியிருப்பார். அட்மின் அவர்.

ஜூன் 3 ராத்திரி பெங்களூரு முதல் கோப்பையை வென்றது. பதினேழு சீசனாகச் சேர்த்துவைத்த கப் சரக்கெல்லாம் ஒரே ராத்திரியில் காலாவதி. மாப்பிள்ளை ஒரு வார்த்தை எழுதவில்லை, கோப்பைப் படம் மட்டும் போட்டார். மாமா எதையோ டைப் செய்தார், நிறுத்தினார், மறுபடி டைப் செய்தார்.

"வாழ்த்துகள் மாப்ள. ரொம்ப சந்தோஷம்."

அத்தை ஒரு கும்பிடு போட்டார். குழு நிம்மதியாகத் தூங்கப் போகிற நேரத்தில் இன்னொன்று வந்து விழுந்தது.

"இன்னும் நாலு பாக்கி."