வயிற்றுக்கும் முட்டிக்கும் என்ன உறவு?

கேள்வி: எனக்கு முழங்கால் தேய்மானம். புரோபயாடிக் சாப்பிட்டால் வலி குறையும் என்கிறாள் மருமகள். நம்பலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மருமகள் பக்கம் நியாயம் இருக்கலாம் என்று எழுதவே கை நடுங்குகிறது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுபோல்தான் இருக்கும். ஆனால் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1,400-க்கும் மேற்பட்டவர்களின் மலத்தைச் சோதித்தார்கள் (சம்பளம் எவ்வளவோ, பாவம்!). குடலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் மிகுந்தவர்களுக்கு முழங்கால் வலியும் மிகுதியாக இருந்ததாம். 2019-இல் வெளியான ஆய்வு இது. குடலில் கிளம்பும் அழற்சி ரத்தத்தோடு பயணம் செய்து மூட்டையும் சீண்டுகிறது என்பது அவர்கள் ஊகம்.

சீனாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 537 பேரைச் சேர்த்து, ஒரு சாராருக்கு ஷிரோட்டா வகை லாக்டோபேசில்லஸ் என்ற புரோபயாடிக் (நல்ல கிருமி) கலந்த பால், மற்றவர்களுக்கு அது இல்லாத பால் என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். முதல் சாராருக்கு வலி குறைந்தது. ஆனாலும் ஒரே ஓர் ஆய்வை நம்பி மாத்திரைக் கடைக்கு ஓட வேண்டாம்.

‘தயிர் போதாதா?’ என்பீர்கள். உங்கள் தயிரில் எந்தக் கிருமி குடியிருக்கிறது என்று உறைமோர் கொடுத்த எதிர்வீட்டு மாமிக்கே தெரியாது. மோர்க்குழம்பில் கொதித்தபின் அங்கே உயிரோடும் யாரும் இருக்க மாட்டார்கள். தேய்ந்த குருத்தெலும்பைத் தயிர் வளர்க்காது.

முட்டிக்கு நிம்மதி வேண்டுமானால் எடையைப் பாருங்கள்: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறையும். தயிர்சாதம் தாராளமாகச் சாப்பிடுங்கள். மறுசோறு மட்டும் மருமகளுக்கு.